மண் வளர்க்கும் மரமும் மரம் வளர்க்கும் மண்ணும்



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரிலிருந்து என் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். இரு பக்கத்து நலமும் விசாரித்து முடிந்த பின், “தம்பி, மேட்டுப் புஞ்சையில் தைலமரம் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். நாற்றுக்காரர் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டுமாம். பட்டாவில் உன் பெயரும் இருக்கிறது. தாள் அனுப்புகிறேன், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பு” என்றார். “சரி அண்ணா” என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனோ, “ஒரு மாதம் பொறுங்கள் அண்ணா” என்று வந்துவிட்டது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டைக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் மேடு உண்டு. தந்தையார் இருந்த நாளில் அது முந்திரித் தோப்பு. வேலியோரம் இரண்டு பலா நின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய கஜா புயல் ஓர் இரவில் அவற்றையெல்லாம் வேரோடு சாய்த்தது. அதன் பிறகு நிலம் தரிசாகக் கிடக்கிறது. சீமைக்கருவேல் தானாகப் புகுந்து ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது.

தைலமரம் என்று ஊரார் சொல்வது யூகலிப்டஸ் மரத்தை. ஆடு மாடு அதன் தழையை மேயா. நட்ட முதலாண்டு கொஞ்சம் கவனித்தாற் போதும். பிறகு காவலும் வேண்டா, களையெடுப்பும் வேண்டா. ஆறேழு ஆண்டுகளில் காகிதக் கூழுக்கு வெட்டி விற்கலாம். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். ஊரை விட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே படைக்கப்பட்ட மரம் போலத் தோன்றும். நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவற்றுக்கு ஊரில் இப்படி ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆதலால் என் வீட்டுச் செய்தியை இந்தப் பகுதியில் எழுதுவது குற்றமாகாது என்று நம்புகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு நின்று, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கரக்பூரில் இருப்பவன். ஒரு மாதத் தவணை கேட்டதற்குக் காரணம், இந்தக் கரக்பூர் மண்ணும் எங்கள் ஊர் மண்ணும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான். அங்கே நடக்கப் போவதை இங்கேயே ஓரளவு கண்டு கொள்ளலாம் என்று எண்ணினேன்.

செம்புறாங்கல்லின் வரலாறு

புதுக்கோட்டைப் பக்கத்தில் கிணறு வெட்டினால், சிவப்பும் மஞ்சளுமாகப் புழுத் துளைத்தது போன்ற ஒரு கல் வரும். அதனைச் செம்புறாங்கல் என்பார்கள். வெட்டும்போது மண்வெட்டிக்கு இணங்கும். வெளியே எடுத்து வெயிலில் போட்டால் செங்கல்லைப் போல் இறுகிவிடும். கரக்பூரிலும் அதே கல்தான். இங்கிருந்து வடக்கே பிஷ்ணுபூரில் மல்ல மன்னர்கள் கட்டிய கோவில்களிற் பல இக்கல்லால் ஆனவையே. கேரளத்தில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1807-ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில் இதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் சூட்டினார். இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இன்று உலகம் முழுவதும் வழங்குவது அப்பெயரே.

இக்கல்லும் இதைச் சார்ந்த செம்மண்ணும் ஓராண்டில் ஈராண்டில் ஆனவை அல்ல. பல ஆயிரம் ஆண்டுகள் பெருமழையும் கடுங்கோடையும் மாறி மாறி வர, மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் சாம்பல்சத்தையும் மணற்சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் எஞ்சியவை இரும்பும் அலுமினியமும். இரும்பு துருப்பிடித்த நிறமே செம்மண்ணின் நிறம். இம்மண்ணில் அமிலத்தன்மை மிகுதி. எரு இட்டாலும் அதிலுள்ள மணிச்சத்தை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு எளிதில் விடாது. மழை பெய்தால் உடனே வடியும். நாலு நாள் வெயில் அடித்தால் வாடும். சுருங்கச் சொன்னால், இருப்பு இல்லாத ஏழை மண்.

அப்படியானால் இந்த ஏழை மண்ணின்மேல் எழுபது எண்பது அடி உயரத்துச் சால் மரக் காடு எப்படி நிற்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் வருத்தியது. விடை என் அலுவலக மேசையின் மேலேயே இருந்தது. சரக்குப் போக்குவரத்தில் பழகியவர்கள் அறிவார்கள்: வண்டிகள் குறைவாக இருந்தாலும், ஓரிடத்தில் நில்லாமல் நிறைவதும் இறக்குவதும் திரும்புவதுமாகச் சுழன்றுகொண்டிருந்தால், பெரும் சரக்கை நகர்த்திவிடலாம். வண்டி எங்கேனும் முடங்கினாலோ வெளியே போனது திரும்பாவிட்டாலோ எல்லாம் நின்றுவிடும். சால் காட்டின் செல்வமும் அத்தகையதே. மண்ணில் இருப்பு இல்லை. இலைக்கும் மண்ணுக்கும் வேருக்கும் இடையே ஓயாத சுழற்சி இருக்கிறது.

ஒரு மணி நேரப் பயணத்தில் நான்கு நிலங்கள்

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், என்னோடு பணிபுரியும் சந்தால் இனத்து நண்பர் ஒருவருடன் அவருடைய ஊருக்குப் போனேன். கரக்பூரிலிருந்து மேற்கே போகும் பாசஞ்சர் வண்டி கலைகுண்டா, கேமாசூலி, சர்டிஹா, பான்ஸ்தலா என்று நின்று நின்று ஜார்கிராம் சேரும். நாற்பது கிலோமீட்டர்கூட இராது. மண் முழுவதும் ஒன்றே; ஆயினும் சன்னலோரம் அமர்ந்தால் நான்கு வெவ்வேறு உலகங்கள் மாறி மாறி வரும். சால் காடு ஒன்று. புல்லும் பரலும் மட்டும் உள்ள வெறும் மேடு ஒன்று, இதனை இங்கே டாங்கா என்பர். யூகலிப்டஸ் தோப்பு ஒன்று. பள்ளங்களில் நெல்வயல் ஒன்று.

நண்பரின் தாயார் காலையிலேயே காட்டுக்குப் போய்விட்டார் என்று கேட்டு நாங்களும் அங்கே போனோம். அவர் ஒரு குச்சியால் சருகை விலக்கி, மண்ணைக் கீறி, நெல்லிக்காய் அளவு உருண்டையான காளான்களைப் பொறுக்கிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தார். ‘குர்குரே சாத்து’ என்று இதற்குப் பெயர். முதல் மழைகளுக்குப் பின் சில வாரங்களே கிடைக்கும். அன்று ஜார்கிராம் சந்தையில் அதன் விலை கோழிக்கறியின் விலையினும் மிகுதியாக இருந்தது.

இந்தக் காளானைத் தோட்டத்தில் பயிரிட முடியாது. இது சால் மரத்தின் வேரோடு கூடி வாழும் பூஞ்சை. மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையிற் கொஞ்சத்தை வேர் வழியே இதற்குக் கொடுக்கிறது. பூஞ்சையோ நூலினும் மெல்லிய இழைகளை மண்ணெங்கும் ஓடவிட்டு, வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து நீரையும் இரும்பு பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்தையும் கொணர்ந்து மரத்துக்குக் கொடுக்கிறது. மாசியிலும் பங்குனியிலும் சால் மரம் இலை உதிர்க்கிறது. அந்தச் சருகைக் கறையானும் புழுவும் நுண்ணுயிரும் தின்று மக்காக்குகின்றன. மக்கு மண்ணுக்கு ஈரம் தாங்கும் வலிமை தருகிறது. மண் மரத்தை வளர்க்கிறது. மரம் மண்ணை வளர்க்கிறது. இவற்றுள் எது முதல் என்று கேட்பது பயனற்றது.

அன்று நான் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். கைம்மண்வெட்டியால் மூன்று இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு நீர் ஊற்றினேன். சால் காட்டில் மேல்மண் பழுப்பாக, பொலபொலவென்று, நுண்வேர்கள் பின்னியதாக இருந்தது. நீர் உடனே உள்ளே போயிற்று. டாங்காவில் மண்வெட்டி பரலில் பட்டுத் தீப்பொறி பறந்தது; குழியே ஒழுங்காக விழவில்லை. தைலத் தோப்பில் மேலே காய்ந்த இலை கிடந்தது. அதை விலக்கியதும் இடையில் பழுப்பு மண் ஏதுமின்றி நேரே சிவப்பு மண் வந்தது. நீர் சற்றுத் தயங்கி நின்று பின்பு இறங்கியது. ஒரு செம்பு நீரைக் கொண்டு ஆராய்ச்சி முடிவு கூற முடியாது என்பதை அறிவேன். ஆனால் மூன்று குழிகளுக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மூன்றிலும் பிறந்த மண் ஒன்றே. வேறுபட்டது மனிதன் அவற்றைப் பயன்படுத்திய முறைதான். அந்த முதிய அம்மையாரிடம், தைலத் தோப்பில் இந்தக் காளான் வருமா என்று நண்பர் வாயிலாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அங்கே தாம் குனிந்து பார்த்ததே இல்லை என்றார்.

நெல்வயலைப் பற்றியும் ஒரு சொல். மேட்டிலிருந்து மழை அரித்துக் கொணர்ந்த நுண்மண் பள்ளத்தில் படிகிறது. உழவர் வரப்பு கட்டி, நீர் தேக்கி, சேறாக உழுது உழுது, நீர் கீழே இறங்காதபடி ஓர் அடித்தளத்தையே உண்டாக்கிவிடுகிறார்கள். நீர் நின்ற மண்ணில் காற்றுப் புகாமையால் இரும்பின் சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகிறது. அது மனிதன் தலைமுறை தலைமுறையாகச் செய்த மண். ஆகவே மனிதன் கைபட்டால் மண் கெடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் தவறு.

வெறும் மேடு எப்படி வந்தது?

டாங்கா முழுவதும் ஆதியிலிருந்தே வெறும் மேடாக இருந்ததன்று. அதில் பெரும் பகுதி காடாக இருந்தது. இதிற் கூச்சத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நமக்குச் சோறிடும் இரயில்வேக்கும் இதிற் பங்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காள நாகபுரி இரயில்வேயின் பாதை இவ்வழியே வந்தது. சால் மரம் தண்டவாளக் கட்டைக்கு மிக ஏற்றது. கறையானுக்கும் மழைக்கும் எளிதில் இணங்காது. பாதை வந்ததும் மரத்துக்கு விலை வந்தது. ஏற்றிச் செல்ல வண்டியும் வந்தது. காடுகள் அப்போது சமீன்தார்களிடமும் கம்பெனிகளிடமும் இருந்தன. வெட்டியது போக மீதியைக் குறுகிய கால இடைவெளிகளில் மறுபடி மறுபடி வெட்டினார்கள். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் நிலங்கள் அரசுக்கு வந்தன. அதற்குள் நல்ல காடு மிகக் குறைந்துவிட்டது.

மரம் போன பின் நடப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். சருகு விழாது, விழுந்த சிறிதையும் அடுப்புக்குக் கூட்டி எடுத்துவிடுவார்கள். மக்கு இல்லாத மண்மேல் மழைத்துளி நேரே அறையும். மேல்மண் ஓடும். உள்ளேயிருந்த செம்புறாங்கல் வெயிலுக்கு வெளிப்பட்டு இறுகும். இறுகிய தரையில் விதை ஊன்றாது. விதை ஊன்றாமையால் நிழல் இல்லை. நிழல் இல்லாமையால் இன்னும் இறுகும். முன்பு ஒன்றையொன்று வளர்த்த மண்ணும் மரமும் இப்போது ஒன்றையொன்று கெடுக்கின்றன. கர்பேதாவுக்கு அருகே சிலாபதி ஆற்றங்கரையில் கங்கனி என்னும் இடம் உண்டு. செம்மண் மேட்டை நீர் அரித்து அரித்துக் கோபுரமும் குகையுமாகச் செதுக்கி வைத்திருக்கிறது. பகாசுரனோடு வீமன் போரிட்ட இடம் என்று ஊரார் சொல்வர். அது ஆற்றின் வேலை, காட்சிக்கு அழகானது. ஆயினும் கவசம் இழந்த செம்மண்ணை நீர் என்ன செய்யும் என்பதை அங்கே நின்றால் குழந்தையும் அறியும்.

நம் முன்னோர் நிலத்துக்குப் பூவின் பெயரும் மரத்தின் பெயருமே வைத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம் எல்லாம் அவ்வாறு வந்தவை. பாலை என்பது தனி நிலம் அன்று, பிற நிலம் தன் இயல்பு கெட்ட நிலையே என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பள்ளியில் அதைப் படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். டாங்காவில் நின்றபோதுதான் பொருள் விளங்கிற்று.

மிட்னாப்பூருக்கு வடக்கே ஆராபாரி என்னும் இடத்தில் இந்தக் கேட்டைத் திருப்ப முடியும் என்று காட்டினார்கள். 1972-ஆம் ஆண்டளவில் அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அலுவலர், சுற்றியிருந்த 11 கிராமங்களின் 618 குடும்பங்களை அழைத்துப் பேசினார். ஏறத்தாழ 1,270 ஹெக்டேர் கெட்டுப்போன காடு. காட்டை அவர்களே காக்க வேண்டும். அதற்கு ஈடாக வேலையும், விறகும் சிறு விளைபொருளும், இறுதியில் மரம் விற்ற பணத்தில் நூற்றுக்கு 25 பங்கும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. அங்கே பெரிதாகப் புது நடவு நடக்க வேண்டியிருக்கவில்லை. மேலே மொட்டையாகக் கிடந்தாலும் மண்ணுக்குள் சால் மரத்தின் பழைய அடிக்கட்டைகள் உயிரோடு இருந்தன. மாடும் கோடரியும் விலகியதும் அவை தாமே துளிர்த்தன. இம்முறையை 1989-ல் மேற்கு வங்க அரசும் 1990-ல் இந்திய அரசும் மேற்கொண்டன. ஆனால் விறகுக்காக அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிட்ட இடங்களில் காடு அவ்வாறு திரும்பவில்லை. இதை மறத்தலாகாது. மண்ணுக்குள் வேர் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது. வேரும் போனால் பெருமுயற்சி வேண்டும்.

தைலமரத்தின் வரவு செலவு

தைலமரத்தைக் கொடிய அரக்கனாக வருணிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்த மரம் 1843-ல் நீலகிரிக்கு வந்தது. மலைக் காடுகள் விறகுக்கு அழியாமல் இருக்கவே அதை நட்டார்கள். மிட்னாப்பூரிலும் 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏழை மக்கள், நெல்லும் விளையாத தம் பட்டா மேட்டில் இதை நட்டு, மகள் திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் பணம் கண்டார்கள். வெறும் டாங்காவாகக் கிடப்பதினும் தைலத் தோப்பு நன்றே.

ஆனால் கணக்கு எழுதுகிறவன் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இந்த மரம் விரைந்து வளர்வது விரைந்து எடுப்பதனால்தான். ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறை வெட்டும்போது தண்டு மட்டும் போவதில்லை. பட்டையும் கிளையும் இலையும் விறகாகப் போகின்றன. சுண்ணாம்புச் சத்தும் சாம்பல்சத்தும் பட்டையிலும் இலையிலுமே மிகுதி. ஏழை மண்ணிலிருந்து அவை வண்டி ஏறிப் போகின்றன, திரும்பி வருவதில்லை. எஞ்சும் இலையும் எண்ணெய்ப் பசையுடையதாகையால் மெல்லவே மக்குகிறது. கீழே பிற செடிகள் அரிதாகவே வளர்கின்றன. இதன் வேர் ஆழமாகச் சென்று நீர் எடுக்க வல்லது. மிட்னாப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. புதுக்கோட்டையில் ஏறத்தாழ 900 மட்டுமே. இங்கே தாங்கக்கூடிய செலவு அங்கே தாங்காது. கருநாடக அரசு 2017-ல் இதைப் புதிதாக நடுவதற்குத் தடை விதித்ததும் நீரைக் கருதியே.

இனி எங்கள் முந்திரித் தோப்பின் கணக்கைப் பார்ப்போம். முந்திரியும் வெளிநாட்டிலிருந்து வந்த மரந்தான். ஆகவே சொந்த மரம், வந்த மரம் என்பதன்று பேச்சு. தந்தையார் முந்திரிச் சருகை வெளியே போகவிடமாட்டார். ஆண்டுக்கு ஒரு முறை கீதாரிகளை அழைத்து ஆட்டுக்கிடை போடுவார். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அடிப்பார். மழைக்கு முன் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவார். மரங்கள் இளையனவாக இருந்த காலத்தில் இடையே கடலையும் துவரையும் போட்டதாகத் தமையனார் சொல்வார். எடுத்ததற்கு ஈடாக ஏதேனும் ஒன்று ஆண்டுதோறும் அந்த நிலத்துக்குத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் அந்தச் செம்மேடு நாற்பது ஆண்டு எங்கள் குடும்பத்தைத் தாங்கியது.

தமையனார் சொன்ன மறுமொழி

இவ்வளவையும் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில் தமையனாரை அழைத்து ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு மெதுவாக, “நீ சொல்வதெல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. அப்பாவோடு வண்டல் அடித்தவன் நான்தான். கிடை போட வேண்டும், கொழிஞ்சி விதைக்க வேண்டும், சருகு காக்க வேண்டும். யார் செய்வது? எனக்கு ஐம்பத்திரண்டு வயது; முழங்கால் மடங்கவில்லை. என் பையன் திருப்பூரில், நீ வங்காளத்தில். ஆள் இல்லாத நிலத்துக்கு ஆள் வேண்டாத மரந்தானே வைக்க முடியும்?” என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. கஜா புயலுக்கு முன் ஆண்டுதோறும் கோடையில் ஊரிலிருந்து ஒரு பை முந்திரிப்பருப்பு வரும். அண்டை வீட்டு வங்காளிகளுக்கெல்லாம் பெருமையோடு கொடுப்போம். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், புயலுக்கு முன்னும் சரி பின்னும் சரி, அந்த நிலத்துக்கு ஒரு வண்டி எருவுக்கான பணம்கூட நான் அனுப்பியதில்லை. அவர் கேட்டதுமில்லை. தைலமரம் எடுக்கிறது, திருப்பித் தருவதில்லை என்று குற்றம் சாட்டினேன். எங்கள் குடும்பக் கணக்கில் என் பெயருக்கு நேரேயும் எடுப்பு மட்டுமே இருந்தது.

இரவு என் மனைவியோடு கலந்து பேசினேன். மறுவாரம் தமையனாரிடம் இவ்வாறு சொன்னேன். மூன்று ஏக்கரில் சாலையோரம் உள்ள ஒன்றில் அவர் விருப்பப்படி தைலமரம் வைக்கட்டும். அவருக்கும் பணம் வேண்டும். ஆனால் வெட்டும்போது இலையையும் பட்டையையும் நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். மற்ற இரண்டு ஏக்கரில் சீமைக்கருவேலை வேரோடு களைந்து, ஏக்கருக்கு 80 வீதம் முந்திரி ஒட்டுக்கன்று வைப்போம். முதல் சில ஆண்டுகள் இடையே கடலையும் கொழிஞ்சியும் போடலாம். கூலிக்கும் கிடைக்கும் வண்டலுக்குமாக மாதம் 3,000 ரூபாய் நான் அனுப்புவேன். ஏழு ஆண்டு வரை விளைவில் எனக்குப் பங்கு வேண்டா. தமையனார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “பணம் அனுப்புவது இருக்கட்டும், நீ முதலில் வந்து நிலத்தை ஒரு தரம் நடந்து பார். அப்புறம் பேசுவோம்” என்றார். புரட்டாசியில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்பர்களே, உங்களிலும் சிலருக்கு இப்படி ஒரு தாள் கையெழுத்துக்கு வரலாம். தைலமரமோ சவுக்கோ வேறெதுவோ ஆகட்டும். கையெழுத்திடுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். இப்பயிர் மண்ணிலிருந்து எதை வெளியே கொண்டுபோகிறது? அதற்கு ஈடாக எது திரும்பப் போகிறது? திருப்பிக் கொடுக்கும் வேலையை யார் செய்வார், அவருக்கு நாம் என்ன துணை செய்கிறோம்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாதபோது முதல் இரண்டைப் பற்றி ஊரிலிருப்பவர்களுக்கு அறிவுரை கூற நமக்கு உரிமை இல்லை என்பதை நான் என் தமையனாரிடம் கற்றுக்கொண்டேன்.

நிலம் இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கரக்பூர் குவார்ட்டர்ஸ்களில் கறிவேப்பிலை மஞ்சளாகிறது, முருங்கை தேறவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டு முற்றத்து வேப்பஞ்சருகை நாங்கள் நாள்தோறும் கூட்டி எரித்து வந்தோம். பின்புற மூலையில் மட்டும், சோம்பலினால், சருகும் காய்கறித் தோலும் நான்கு ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தன. சென்ற வாரம் இரண்டு இடத்தையும் தோண்டிப் பார்த்தேன். பத்தடி இடைவெளிதான். முற்றத்தில் பரல், மூலையில் விரலால் அளையக்கூடிய கரிய மண், நிறைய மண்புழு. கறிவேப்பிலைக் கன்றை அங்கே மாற்றி வைத்திருக்கிறோம். சருகை எரிப்பதை நிறுத்திவிட்டோம். நீங்களும் நிறுத்திப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது அந்தக் கைம்மண்வெட்டியையும் கொண்டுபோக இருக்கிறேன். மூன்று ஏக்கரிலும் குழி தோண்டித் தமையனாரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்டதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.